நாற்பத்து மூன்றாம் பக்கம்

சாமத்தியவீட்டு அழைப்பிதழ் முந்நூறு
சனிக்கிழமைக்குள் வேணும் என்று
முன்மேசையில் ஒருவர் நெருக்கிக்கொண்டிருக்க
கைபேசியில் வந்து விழுகின்றன உன் கவிதைகள்.
ஒற்றை றூல் கொப்பித் தாள்கள்.
படமெடுத்த பெருவிரல் ஓரத்தில்.
மடிப்பில் ஒரு சொல் போய்விட்டது:
குழியா, குழந்தையா?
கேட்டு எழுதினேன்.
நான்கு நாள் பதில் இல்லை.
பிறகு,
'இரண்டும்தான். ஏதாவது ஒன்றைப் போடுங்கோ.'

ஸ்காபரோ, எல்ஸ்மியர் வீதி.
உப்புப் போட்டும் இளகாத பெப்ரவரி.
இந்தக் கடையில் நான் அதிகம் அடிப்பது கல்வெட்டுகள்.
படம், வம்சவழி, தேவாரம்.
மருமகனின் பெயரில் ஒரு கால் விடுபட்டால்
செத்தவீட்டிலும் சண்டை வரும்.
முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள்
பெட்டி கட்டிக் கொடுத்துவிடுவேன்.
உன் ஆட்களுக்கு
முப்பத்தொன்றை எந்த நாளிலிருந்து எண்ணுவது?
நீ எழுதியிருக்கிறாய்:
வைகாசி. கிழமை தெரியாது.
கஞ்சிக்கு நின்ற வரிசை
எங்களுக்கு முன்னால் முடிந்துபோனது.

நான் மெய்ப்புப் பார்ப்பவன்.
விடுபட்ட மெய்களுக்குப் புள்ளி வைப்பவன்.
அந்த வைகாசியில்
இந்நகரத்து நெடுஞ்சாலையை மறித்து நின்றேன்.
தொண்டை கட்டியது. பிறகு பசித்தது.
கோப்பிக் கடை வரிசையில் நின்றேன்,
எனக்குக் கிடைத்தது.
இதை எந்த அடிக்குறிப்பில் சேர்ப்பது?

நூலகப் படிவத்தில் ஒரு பெட்டி:
புனைவா, இல்லையா.
முன்னுரை கேட்கப்போன பெரியவர்
படிமம் காணாது, தகவல் கூடிப்போச்சு என்றார்.
ஓம் ஐயா, தகவல்தான்.
பால்மா விலை, செல் விழுந்த நேரம்,
செருப்பில் எது யாருடையது என்ற தகவல்.
படிவத்தை மடித்து
லாச்சிக்குள் போட்டேன். இன்னும் அங்கேதான்.

இரவு இரண்டரைக்கு அழைத்தாய்.
உனக்கு அப்போது நல்ல மதியம்.
'அண்ணை, நாற்பத்து மூன்றை எடுத்துவிடுங்கோ.
அம்மாவிட்ட வந்து விசாரிச்சவங்கள்.'
பெயரை மட்டும் எடுக்கவா என்றேன்.
'பெயரை எடுத்தால் மிச்சம் ஆர்?'
பின்னால் மோட்டார்சைக்கிள் ஒன்று
வேகம் குறைப்பது கேட்டது.
வைத்துவிட்டாய்.

அடுத்த கவிதையை மேலே இழுத்துவிடலாம்.
ஒரு விசை. பொருளடக்கம் தானாகத் திருந்தும்.
எவருக்கும் தெரியாது.
விரலை வைத்தபடி இருந்தேன்.
பதினாறு வரிகளையும் அழித்து
எண்ணை மட்டும் விட்டேன்
தாளின் அடியில், நடுவே.

புத்தகம் கட்டுகிற மிர்சாத் பொஸ்னியாக்காரர்.
தமிழ் தெரியாது.
ழகரத்தின் கால் கீழே நிற்கவேணும்,
நின்றால் தாள் நேர்,
அவ்வளவுதான் பழகி வைத்திருக்கிறார்.
மெசினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.
'இதிலே மை விழவில்லை. முந்நூறிலும்.'
விழாததுதான் சரி என்றேன்.
தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
மறுபக்கத்து வரிகள்
முதுகு காட்டி நின்றன.
ஏதோ கேட்கப்போனவர்
அடுக்கின் ஓரத்தைப் பெருவிரலால் தட்டிச் சீராக்கி
மெசினைப் போட்டார்.
பில்லில் தொண்ணூற்றாறு பக்கம் என்று எழுதியிருந்தது.
வெறுந்தாளுக்கும் அதே காசு.

நேற்று மொன்றியலில் இருந்து ஒருவர்.
நல்ல புத்தகம் தம்பி,
ஆனால் எனக்கு வந்தது பழுதுப் பிரதி,
ஒரு பக்கம் அச்சாகவில்லை, மாற்றித் தாருங்கோ.
என் மேசையில் கிடந்ததைத் திறந்து
நாற்பத்து மூன்றைப் பார்த்தேன்.
அவருக்குச் சொன்னேன்:
இதிலும் இல்லை.

அவர் ஒன்றும் பேசவில்லை.
வைக்கவும் இல்லை.